இருபதாம் நாள் போன்

அவருடைய போன் வந்தால் எடுக்கவே எனக்குத் தயக்கமாக இருக்கும். இத்தனைக்கும் அதட்டிப் பேசுகிற ஆள் இல்லை. குரலை உயர்த்தி நான் கேட்டதே கிடையாது. சுவா சூ காங்கில் எங்கள் கம்பெனி கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடி வீடுகளில் குளியலறைக்கும் சமையலறைக்கும் டைல்ஸ் ஒட்டும் வேலையை எங்களிடமிருந்து குத்தகைக்கு எடுத்திருந்தார். தேக்கா பக்கம் ஒரு கடைவீட்டின் மாடியில் சின்ன அறை, பதினான்கு ஆட்கள், ஒரு பழைய லாரி. அவருடைய கம்பெனி மொத்தமே அவ்வளவுதான்.

எதையும் இரண்டு முறை கேட்காமல் அவரால் இருக்க முடியாது.

“தங்கச்சி, தொந்தரவு பண்றேனா?”

“இல்லண்ணே, சொல்லுங்க.”

“காலைல ஒரு கவர் குடுத்தேன்ல? கெடச்சிச்சா?”

“அண்ணே, என் கையிலதானே குடுத்தீங்க!”

“ஆமாமா, குடுத்தேன். இருந்தாலும் ஒரு தடவ கன்ஃபர்ம் பண்ணிக்கலாம்னு.”

எங்கள் அலுவலகத்தில் அவருக்குக் ‘கன்ஃபர்ம் அங்கிள்’ என்றே பெயர். வரவேற்பில் இருந்த சீனப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்தப் பெயரைச் சொல்லித்தான் எனக்கு லைன் கொடுப்பாள். நானும் சிரிப்பேன். எடுப்பதற்கு முன்னால் கண்ணை மூடி ஒரு பெருமூச்சும் விட்டுக்கொள்வேன். அந்தப் பெருமூச்சு அவர் காதில் ஒருநாளாவது விழுந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

நான் அங்கே கியூ.எஸ். ஆக இருந்தேன். டைல்ஸ்காரர், பெயிண்டர், பிளம்பர் என்று எங்களிடம் குத்தகை எடுத்தவர்கள் கொடுக்கும் பில்லை அளந்து சரிபார்ப்பது என் வேலை. சரிபார்ப்பது என்று சொல்வதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான். பில்லை வெட்டுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

கட்டட வேலையில் காசு எப்படி வருகிறது என்று வெளியில் இருப்பவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஒவ்வொரு மாதமும் இருபத்தைந்தாம் தேதி, அதுவரை செய்த வேலையை எழுதி ‘இவ்வளவு கொடுங்கள்’ என்று கேட்க வேண்டும். அதற்குக் கிளெய்ம் என்று பெயர். நாங்கள் அளந்து பார்த்து, ‘இவ்வளவு தருகிறோம், இந்தக் காரணத்துக்காக இவ்வளவு வெட்டுகிறோம்’ என்று பதில் கடிதம் கொடுப்போம். தருவதிலும் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்வோம். கட்டடம் முடிந்து ஒரு வருடம் ஒழுகாமல், உடையாமல் இருந்தால்தான் அந்தப் பிடித்தம் முழுசாகக் கைக்குப் போகும். கடிதம் போன பிறகும் காசு வங்கிக்குப் போய்ச்சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். ஜூன் மாதம் ஒட்டிய டைலுக்கு ஆகஸ்ட் கடைசியில் காசு வந்தால் அதிர்ஷ்டம். ஆனால் ஒட்டிய ஆளுக்கு ஜூலை ஏழாம் தேதிக்குள் சம்பளம் போட்டே ஆகவேண்டும். நடுவில் இருக்கிற பள்ளத்தை அண்ணன்தான் கைக்காசைப் போட்டு நிரப்புவார். மனைவியின் நகை, மச்சானிடம் கைமாற்று, கிரெடிட் கார்டு எல்லாம் அந்தப் பள்ளத்துக்குள் போய்விட்டுத் திரும்பி வரும். மறுபடி போகும்.

எங்களுக்கும் ஒரு கத்தி தொங்கிக்கொண்டிருந்தது. கிளெய்ம் கைக்கு வந்த நாளிலிருந்து இருபத்தொரு நாளுக்குள் அந்தப் பதில் கடிதத்தைக் கொடுத்தாக வேண்டும். தவறவிட்டால் அதற்கப்புறம் வெட்டுவதற்கு எங்களிடம் எந்த நியாயம் இருந்தாலும் எடுபடாது. கேட்ட காசை அப்படியே கொடுக்க வேண்டியதுதான். சின்ன ஆட்களைப் பெரிய கம்பெனிகள் இழுத்தடிக்கக் கூடாது என்பதற்காகவே இங்கே வந்த சட்டம் அது. எனக்கு முன்னால் என் நாற்காலியில் இருந்தவர் ஒருமுறை அந்தத் தேதியைத் தவறவிட்டார். ஒரு வாரத்தில் அவருடைய வேலை பாஸை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். நான் சேர்ந்த அன்று, மேனேஜர் அந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் என்னை உட்காரவே சொன்னார். நானும் எஸ் பாஸ் என்கிற வேலை அனுமதியில் வந்தவள். ஊரில் தம்பியின் காலேஜ் கட்டணம் என் சம்பளத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. பத்தாவது நாளுக்குள் எல்லாருக்கும் கடிதம் அனுப்பிவிட வேண்டும் என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்.

அண்ணனின் சந்தேகத்துக்கு அளவே கிடையாது. காபிக் கடையில் ‘சீனி கம்மி’ என்று சொல்லிவிட்டு, கலக்கிக்கொண்டிருப்பவரின் முதுகைப் பார்த்து “அங்கிள், சீனி கம்மி லா, கன்ஃபர்ம் ஆ?” என்பார். சிராங்கூன் ரோடு கோயிலில் ஒருமுறை அவரைக் குடும்பத்தோடு பார்த்தேன். அர்ச்சனை முடிந்து தட்டைக் கையில் வாங்கிய பிறகு, “சாமி, பூராடம்னுதானே சொன்னீங்க? உத்திராடம்னு சொல்லிடலியே?” என்று கேட்டார். குருக்கள் முறைத்த முறைப்பில் நானாக இருந்தால் தட்டை வைத்துவிட்டு ஓடியிருப்பேன். அண்ணன் பதில் வரும்வரை நின்றார். அவர் மனைவி என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

“நீங்களாச்சும் ஆபீஸ்ல மட்டும் கேக்கறீங்க. நான் ராத்திரி பகலா இதத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன். கேஸ் மூடினியா, கதவு பூட்டினியான்னு மனுஷன் உசிர வாங்குறாரு” என்றார்.

“பூட்டிட்டுத்தானே வந்தோம்?” என்றார் அண்ணன்.

சம்பள நாளன்று அவரைப் பார்க்க வேண்டும். வங்கியில் பணம் ஏற்றிவிட்டதாகப் போனில் தகவல் வந்திருக்கும். அதை நம்பமாட்டார். சைட்டில் ஒவ்வொரு மாடியாக ஏறிப்போய், முழங்கால் போட்டு டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருக்கிற ஆளிடம், “தம்பி, ஏறிடுச்சா?” என்று கேட்பார். அவன் கையில் இருக்கிற சிமெண்டைத் துடைத்துவிட்டு, போனை எடுத்துக் காட்ட வேண்டும். பதினான்கு பேரும் காட்டி முடித்த பிறகுதான் அவர் மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பார். ஒருமுறை நான் அளவெடுக்கப் போனபோது பதின்மூன்று பேர் காட்டிவிட்டார்கள். பதினான்காவது ஆள் போனைத் தங்கும் விடுதியிலேயே வைத்துவிட்டு வந்திருந்தான். “இருக்கும்ணே, நீங்க சாப்புடுங்க” என்று அவனே கெஞ்சுகிறான். இவர் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரமாக நிற்கிறார். எனக்குக் கோபம்தான் வந்தது.

“ஏண்ணே, பதிமூணு பேருக்கு ஏறினது அவனுக்கு மட்டும் ஏறாம போகுமா?”

“ஏறியிருக்கும் தங்கச்சி. ஆனா ஏறலன்னா? அவன் அம்மாவுக்கு இன்னிக்கு ஆபரேஷன்.”

அளவு டேப்பை இழுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனேன்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று சைட்டில் சூப்பர்வைசர் ஒருவர் சொன்னார். புக்கிட் பாத்தோக்கில் வேறொரு கம்பெனியின் வேலையில், தரை மட்டம் தப்பு என்று நாற்பது குளியலறைகளை உடைத்து மறுபடி ஒட்டச் சொன்னார்களாம். சொன்னவர் வாயால் சொன்னாரே ஒழிய எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லை. அண்ணனும் அவசரம் என்று இரண்டு வாரத்தில் முடித்துக் கொடுத்தார். பில் போட்டபோது ‘யார் சொன்னது? பேப்பர் எங்கே?’ என்று கேட்டார்கள். சொன்ன ஆள் அதற்குள் வேலையை விட்டுப் போயிருந்தார். நாற்பது குளியலறைக்கும் ஒரு வெள்ளி, அதாவது ஒரு டாலர்கூட வரவில்லை. அதற்குப் பிறகுதான் எல்லாவற்றையும் பேப்பரில் வாங்குவது, பேப்பரை வாங்கின பிறகும் போன் போட்டுக் கேட்பது என்று ஆகிவிட்டார்.

ஈமெயிலில் கிளெய்ம் அனுப்பலாம். எல்லாரும் அப்படித்தான் அனுப்புவார்கள். இவர் நேரில்தான் வருவார். தன்னுடைய நகலில் கம்பெனி முத்திரையைக் குத்தி, அதன் மேல் நான் கையெழுத்தும் போட வேண்டும். முத்திரைக்கு இங்கே சாப்பு என்பார்கள். சாப்பு காய்கிறவரை ஊதிக்கொண்டே நிற்பார். அன்று சாயங்காலம் நான்கு மணிக்குக் கவர் கிடைத்ததா என்று முதல் போன் வரும். ஐந்தாம் நாள் ‘பாத்துட்டீங்களா’ என்று ஒன்று, எட்டாம் நாள் ‘எவ்வளவு வெட்டுவீங்க, சும்மா ஒரு ஐடியாவுக்கு’ என்று ஒன்று, பத்தாம் நாள் கடிதம் போன பிறகு ‘லெட்டர் வந்துடுச்சுங்கறத சொல்லிடலாம்னு’ என்று ஒன்று. நான்கில் ஒன்றுகூடத் தவறியதில்லை.

தீபாவளிக்கு இரண்டு நாள் இருந்தபோது அந்தக் கிளெய்மைக் கொண்டுவந்தார். அந்த வேலையிலேயே பெரிய கிளெய்ம் அதுதான். ஒரு லட்சத்து எண்பதாயிரம் வெள்ளிக்குக் கொஞ்சம் மேலே. மூன்று பிளாக்கில் சமையலறைத் தரையை இரண்டாம் முறை ஒட்டியதும் அதில் சேர்த்தி. இந்தத் தடவை ஒவ்வொரு மாடிக்கும் கையெழுத்து வாங்கி, படம் பிடித்து, ஒழுங்காகக் கோத்திருந்தார். கவரோடு ஒரு பெரிய டின் நிறைய முறுக்கு.

“வீட்டுல செஞ்சது தங்கச்சி. உங்களுக்குத்தான். ஆபீசுக்கு இல்ல.”

குத்தகைக்காரர்களிடம் எதுவும் வாங்கக் கூடாது என்பது எங்கள் கம்பெனியின் கட்டளை. ஆனால் வீட்டு முறுக்கை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? நான் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் புடவை எடுக்கத் தேக்காவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அவசரமாக சாப்பு குத்திக் கையெழுத்துப் போட்டேன். அந்த நேரம் பார்த்து மேனேஜர் அறைக் கதவு திறந்தது. டின் அவர் கண்ணில் பட்டால் கேள்வி வரும். கவர், டின் இரண்டையும் சேர்த்து அள்ளி மேஜையின் அடி டிராயரில் போட்டு மூடினேன்.

நான்கு மணிக்குப் போன் வந்தபோது கூட்டத்தில் நசுங்கிக்கொண்டிருந்தேன்.

“தங்கச்சி, கவர் பத்திரமா இருக்குல்ல?”

“பத்திரமா இருக்குண்ணே! ஹேப்பி தீபாவளி!” என்று கத்திவிட்டு வைத்தேன்.

விடுமுறை முடிந்து வந்ததும் எல்லாக் கிளெய்ம்களையும் பதிவேட்டில் ஏற்றினேன். அவருடையதை ஏற்றிவிட்டதாகவே என் மண்டையில் பதிந்திருந்தது. சாப்பு வைத்தது நினைவிருந்தது, பேசியது நினைவிருந்தது, அதனால் ஏற்றியதும் நடந்திருக்கும் என்று மனது தானாகவே கணக்கு முடித்துவிட்டது போலிருக்கிறது. புது டெண்டர் வேலை வேறு தலைக்கு மேல். அந்த டிராயரை இரண்டு தடவை திறந்து முறுக்கு எடுத்துத் தின்றிருக்கிறேன். கவர் டின்னுக்கு அடியில் இருந்தது.

ஐந்தாம் நாள் போன் வரவில்லை. எட்டாம் நாளும் இல்லை. பத்தாம் நாளும் இல்லை. ஒரு நாள் வரவேற்புப் பெண்ணே, “உன் கன்ஃபர்ம் அங்கிளுக்கு உடம்பு சரியில்லையா?” என்று கேட்டாள். நிம்மதியாக இருக்கிறது, ஞாபகப்படுத்தாதே என்றேன். வாய்க்கொழுப்புக்கு எனக்குக் குறைச்சலே இல்லை.

இருபதாம் நாள் மதியம் மூன்று மணிக்குப் போன் வந்தது.

“தங்கச்சி, தொந்தரவு பண்றேனா?” குரல் கரகரத்தது.

“என்னண்ணே, ஆளையே காணோம்?”

“அந்தக் கவரு. தீபாவளிக்கு முன்னாடி குடுத்தேன்ல.”

“ஆமா.”

“நாளைக்கு இருபத்தொண்ணு.”

எனக்கு உடனே புரியவில்லை. “என்ன இருபத்தொண்ணு?” என்றேன்.

அந்தப் பக்கம் லாரி ஒன்று பின்னால் எடுக்கிற சத்தம் கேட்டது. “இல்ல, சும்மாத்தான். பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டு அவரே வைத்துவிட்டார். அவர் முதலில் போனை வைத்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

டிராயரைத் திறந்தேன். டின்னைத் தூக்கினேன். கவர் எண்ணெய்க் கறையோடு கிடந்தது. ஐயோ கடவுளே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். கவரைப் பிரித்துத் தேதியைப் பார்த்தேன். பாஸ் ரத்து, விமான டிக்கெட், தம்பியின் கட்டணம், ஊரில் அம்மாவின் முகம் எல்லாம் ஒரே நொடியில் வந்துபோயின. பேசாமல் இருந்தால் நாளை மறுநாள் அண்ணனுக்கு முழுக்காசும் போகும், என் வேலை போகும். சொன்னால் என் வேலை தப்பிக்க வழி இருக்கிறது. இப்படி இரண்டு வழி இருந்ததென்று இன்றைக்கு வரிசையாகச் சொல்கிறேனே, அன்று எனக்கு இரண்டாவது வழியைத் தவிர வேறெதுவும் தோன்றவே இல்லை. தோன்றி, யோசித்து, பிறகு பயந்தேன் என்று சொல்லவாவது எனக்கு ஆசைதான்.

மேனேஜர் கவரைப் புரட்டினார். தேதியைப் பார்த்தார். என் கையெழுத்தைப் பார்த்தார். எண்ணெய்க் கறையை மட்டும் விரலால் தடவிப் பார்த்தார். சத்தம் போடவில்லை.

“சைபர் போட்டு அனுப்பு” என்றார் ஆங்கிலத்தில்.

“சார்?”

“பூஜ்யம். வேலையில் குறை இருக்கிறது, ஆவணம் போதவில்லை, எங்கள் செலவைக் கழிக்க வேண்டியிருக்கிறது என்று மூன்று காரணம் எழுது. ஒரே நாளில் இதை யார் அளப்பது? அவர் சண்டைக்கெல்லாம் வரமாட்டார். பிறகு கூப்பிட்டுப் பேசிக்கொள்ளலாம்.”

என்னிடம் அளவு இருந்தது. மூன்று பிளாக்கிலும் மாடி மாடியாக ஏறி நானே எடுத்த அளவு, என் குறிப்பேட்டில், என் கையெழுத்தில். ராவோடு ராவாக உட்கார்ந்தால் கணக்குப் போட்டுவிடலாம். அவர் கேட்டதில் நான்கில் மூன்று பங்கு நியாயமாகவே வரும் என்று அப்போதே எனக்குத் தெரியும்.

“சார், என்கிட்ட மெஷர்மெண்ட் இருக்கு” என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். “இந்தக் கவர் இருபது நாளாக எங்கே இருந்தது?”

நான் எண்ணெய்க் கறையைப் பார்த்தேன்.

“சைபர்” என்றார் மறுபடியும். “அதை அனுப்பிவிட்டால் தேதி தவறவில்லை. தேதி தவறவில்லை என்றால் நான் இதைப் பற்றி யாரிடமும் பேச வேண்டிய அவசியமும் இல்லை.”

நான் போய் டைப் செய்தேன். கேட்ட தொகை என்ற கட்டத்தில் ஒரு லட்சத்து எண்பதாயிரத்துச் சொச்சம். தரும் தொகை என்ற கட்டத்தில் 0.00. மேனேஜர் கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலை பத்தரைக்குக் கூரியர்காரர் தேக்கா மாடியறையில் கொண்டுபோய்க் கொடுத்ததாகத் தகவல் வந்தது. பதினொன்றுக்கு என் போன் அடித்தது. அவர் பெயர். நான் எடுக்கவில்லை. இன்னும் இரண்டு தடவை அடித்து நின்றது. அதற்கப்புறம் அவர் என்னைக் கூப்பிடவே இல்லை.

சட்டப்படி முறையீடு செய்ய அவருக்கு வழி இருந்தது. அதற்கும் நாள் கணக்கு உண்டு, சில நாட்கள்தான். செய்தால் பெரும்பங்கு ஜெயித்திருப்பார், கோப்பு அவ்வளவு சுத்தமாக இருந்தது. ஆனால் கேஸ் போட்ட குத்தகைக்காரருக்கு அடுத்த வேலையை யார் கொடுப்பார்கள்? மேனேஜர் கணித்தபடியே அவர் சண்டைக்கு வரவில்லை. ஜனவரி ஏழாம் தேதி பதினான்கு பேருக்கும் பாதிச் சம்பளம்தான் ஏறியது என்றார் சூப்பர்வைசர். மீதிக்காக லாரியை விற்றார். அந்த மாதமே ஆறு பேர் வேறு கம்பெனிக்கு மாறிப் போனார்கள். பிப்ரவரியில் அவரைக் கூப்பிட்டு, கேட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே கொடுத்து, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதி வாங்கினார்கள். அந்தப் பேப்பரைத் தயாரித்ததும் நான்தான். அவர் கையெழுத்துப் போட வந்த நேரம் நான் கழிவறைக்குள் போய் நின்றுகொண்டேன். வரவேற்புப் பெண் அவரிடம் ‘பை பை அங்கிள்’ என்று சொன்னது கேட்ட பிறகுதான் வெளியே வந்தேன்.

என் பாஸைப் புதுப்பித்துக் கொடுத்தார்கள். அந்த வருடம் சம்பளமும் கொஞ்சம் ஏறியது. தம்பி படிப்பை முடித்தான். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அன்று சந்தோஷப்பட்டேன்.

இரண்டு வருடம் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம், சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் சாப்பாட்டுக் கடை. இடமே இல்லாத கூட்டம். தட்டை வைத்துக்கொண்டு நிற்கிறேன், “தங்கச்சி, இங்க வாங்க” என்று குரல். திரும்புவதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. ஓடிவிடலாமா என்று பார்த்தேன். கையில் நெய்த் தோசை. எங்கே ஓடுவது?

மெலிந்திருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. சொந்தக் கம்பெனியை மூடிவிட்டு, வேறொருவரிடம் சூப்பர்வைசராக இருக்கிறாராம். “மாசம் பொறந்தா சம்பளம். தூக்கம் வருது” என்றார். மனைவி நலம், மகள் பாலிடெக்னிக்கில் சேர்ந்துவிட்டாள். என் தம்பியைப் பற்றிக்கூட விசாரித்தார். படிப்பை முடித்துவிட்டான் என்றேன்.

“அண்ணே, அந்தக் கிளெய்ம்...” என்று நானே ஆரம்பித்தேன்.

“அத விடுங்க. முடிஞ்சு போச்சு” என்றார். கொஞ்ச நேரம் சாம்பாரைக் கிளறிக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். “அந்தத் தடவ பத்தொம்பது நாளு வாயக் கட்டிக்கிட்டு இருந்தேன், தெரியுமா? கவனிச்சீங்களா?”

“கவனிச்சேன்.”

“தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த கூட்டாளி ஒருத்தன், பிளம்பிங் எடுக்கறவன், அவன்தான் ஏத்திவிட்டான். நீ ஏன்டா போன் போட்டுப் போட்டு அவங்களுக்கு ஞாபகப்படுத்துற? இந்தத் தடவ சும்மா இருந்து பாரு. தேதி தாண்டிச்சுன்னா ஒரு வெள்ளி வெட்ட முடியாது, மொத்தமும் உனக்குத்தான்னான். நானும் இருந்தேன். பத்து நாளாச்சு, உங்க லெட்டர் வரல. பதினஞ்சாச்சு, வரல. என் போனை வீட்டுக்காரிகிட்ட குடுத்து வச்சிட்டேன், நான் கேட்டாலும் தராதேன்னு.”

“தெரிஞ்சேவா இருந்தீங்க?”

“தெரியாம என்ன? நாள எண்ணறதுதானே என் பொழப்பே.”

“அப்புறம் ஏண்ணே போன் பண்ணீங்க? இன்னும் ஒரே நாளு!”

தட்டில் இருந்த தோசையை அவர் பிய்த்தார், வாயில் வைக்கவில்லை.

“சாப்புல உங்க கையெழுத்துல்ல இருந்துச்சு. உங்களுக்கு முன்னாடி அந்தச் சீட்டுல இருந்த பையன், அவன் பெட்டிய நான்தான் லாரில போட்டு ஏர்போர்ட்ல எறக்கிவிட்டேன். டாக்ஸிக்குக்கூட காசில்ல அவன்கிட்ட. வழி பூரா ஒரு வார்த்த பேசல, ஜன்னலப் பாத்துக்கிட்டே வந்தான். அது கண்ணு முன்னாடி வந்து நின்னுடுச்சு தங்கச்சி. பொம்பளப் புள்ள வேற, ஊருக்குப் போயி என்ன சொல்லும்னு. வீட்டுக்காரிகிட்ட சண்ட போட்டுப் போன வாங்கினேன்.”

பக்கத்து மேஜையில் யாரோ கரண்டியைக் கீழே போட்டார்கள். நான் அந்தப் பக்கம் பார்த்தேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“வெட்டுவீங்கன்னு தெரியும். கால்வாசி போவும், போனாப் போவட்டும், மிச்சத்த வச்சி சம்பளம் போட்டுடலாம்னு கணக்குப் போட்டுத்தான் கூப்பிட்டேன். சைபர் போடுவாங்கன்னு நெனைக்கல” என்றார். பிறகு மேஜைமேல் கொஞ்சம் சாய்ந்து, “ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த லெட்டர் யாரு டைப் பண்ணது? நீங்களா?”

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“இல்லண்ணே. மேலேருந்து வந்துச்சு.”

“அதானே!” அவர் முகம் அப்படியே தெளிந்தது. “தங்கச்சி அளந்து பாக்காம ஒரு நம்பர் போடமாட்டாங்கன்னு வீட்டுக்காரிகிட்ட அன்னிக்கே சொன்னேன். அவதான் நம்பல. இன்னிக்குப் போயி சொல்றேன்.”

கடைக்காரரைக் கூப்பிட்டு, என் தோசைக்கும் சேர்த்து அவரே காசு கொடுத்தார். நான் தடுக்கவில்லை.